மகன் ரக்பி லீக் ஆட்டக்காரனாகப் போகிறேன் என்கிறான்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

யீஷூனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ரக்பி ஆடுகிறான். ஆஸ்திரேலியாவின் உச்ச ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் ஆட்டங்களை விடாமல் பார்க்கிறான். "சிட்னிக்குப் போய் ரக்பி லீக் ஆடிப் பிழைக்கப் போகிறேன்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறான். அது ஒரு வேலைதானா, எத்தனை வருடம் ஓடும், என்ன சம்பளம், இங்கிருந்து போகிற பிள்ளைக்கு வாய்ப்பு உண்டா, தடுப்பதா விடுவதா என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் பிசியோதெரபிஸ்ட். பிரிஸ்பனில் படித்துவிட்டு, அங்கே என்ஆர்எல்லுக்கு ஒரு படி கீழே ஆடும் கிளப் ஒன்றில் சில பருவங்கள் வேலை பார்த்தேன். இப்போது சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளின் முழங்காலையும் தோளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஆமாம், அது முழுநேர வேலை. சம்பளமும் நல்ல சம்பளம்தான். ஆனால் அந்த வேலைக்கு ஆள் பொறுக்குவது பெரும்பாலும் 16 வயதிலிருந்து 20 வயதுக்குள் முடிந்துவிடுகிறது. நம் பையன்களின் வாழ்க்கையில் அந்த வருடங்கள் தேர்வுக்கும் தேசிய சேவைக்கும் எழுதி வைக்கப்பட்டவை. உங்கள் மகனின் திறமையைவிட இந்தக் கணக்குதான் பெரிய தடை. இதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டால் வழி கொஞ்சம் இருக்கிறது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிடலாம். உங்கள் மகன் பள்ளியில் ஆடுவதும் தொலைக்காட்சியில் பார்ப்பதும் ஒரே ஆட்டம் அல்ல. செயிண்ட் ஆண்ட்ரூஸ், ஆங்கிலோ-சீனப் பள்ளி, ராஃபிள்ஸ் போன்ற பள்ளிகள் ஆடுவது ரக்பி யூனியன். பாடாங் திடலில் நடப்பதும் யூனியன்தான், காலாங் தேசிய அரங்கத்தில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸும் அதன் குட்டி வடிவம்தான். யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். வெளியே போன பந்தை உள்ளே எறிந்து வரிசையாக நின்று தாவிப் பிடிக்கும் லைன்அவுட் லீக்கில் கிடையாது, இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம் பேருக்குத்தான். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை பிடித்து வீழ்த்தலாம், அதைத்தான் டேக்கிள் என்கிறார்கள். ஆறாவது முறையோடு பந்து கைமாறும். அதனால் ஐந்தாவது டேக்கிளுக்குப் பிறகு பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து டிரை போட்டால் 4 புள்ளி, அதற்குப் பின் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஏற்றினால் 2.

இந்தப் பிரிவு வந்ததே சம்பளத்தால்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கிளப்புகள் கூடித் தனியே பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும், அந்தக் கூலியை ஈடு கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். தெற்கே இருந்த கனவான்கள் மறுத்தார்கள். சிட்னியில் 1908ல் லீக் போட்டி தொடங்கியபோதும் கிட்டத்தட்ட இதே சண்டைதான். யூனியன் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது 1995ல், சரியாக நூறு வருடம் கழித்து. உழைக்கிறவனுக்குக் காசு கொடு என்று கேட்டுப் பிறந்த ஆட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

ஆனால் அந்தப் பிறப்பே இதைச் சில ஊர்களுக்குள் அடக்கியும் வைத்திருக்கிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்கள், குவீன்ஸ்லாந்து, இங்கிலாந்தில் விகன், செயிண்ட் ஹெலன்ஸ், லீட்ஸ், ஹல் பக்கம், நியூசிலாந்தில் ஆக்லாந்து, அப்புறம் பாப்புவா நியூ கினி. அங்கே இது தேசிய விளையாட்டு. என்ஆர்எல்லில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பசிபிக் தீவு வம்சாவளியினர். இந்த ஊர்களில் ஒரு பையன் ஆறேழு வயதிலேயே ஊர்க் கிளப்பில் சேர்ந்துவிடுகிறான். 13, 14 வயதில் பெரிய கிளப்பின் ஆட்கள் அவன் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். சிட்னியில் 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹரோல்ட் மேத்யூஸ் கோப்பை, 19க்குட்பட்டோருக்கு எஸ்ஜி பால் கோப்பை, 21க்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃப்ளெக். குவீன்ஸ்லாந்தில் மால் மெனிங்கா கோப்பை. அதற்கு மேலே நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, குவீன்ஸ்லாந்து கோப்பை. எல்லாவற்றுக்கும் மேலே என்ஆர்எல். 2023ல் டால்பின்ஸ் அணி சேர்ந்ததிலிருந்து அதில் 17 கிளப்புகள். ஒவ்வொன்றின் முதன்மைப் பட்டியலிலும் 30 பேர். பெருக்கிப் பார்த்தால் 510 இடம். உலகத்தின் ஆகச் சிறந்த சம்பளம் கிடைக்கும் லீக் வேலை மொத்தமே அவ்வளவுதான்.

இப்போது தேசிய சேவைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் பெற்றோர் என்னிடம் மிகத் தாமதமாகக் கேட்கிறார்கள்.

சிங்கப்பூர்க் குடிமகன் என்றாலும் நிரந்தரவாசி என்றாலும் 18 வயதில் இரண்டு வருடம் முழுநேரச் சேவை உண்டு. 13 வயதுக்கு மேற்பட்ட பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டும் என்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். வயதையும் தங்கும் காலத்தையும் பொறுத்துப் பிணையும் கேட்பார்கள். திரும்பி வராமல் இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் விதிக்கக்கூடிய குற்றம். அதோடு பையன் இந்த ஊருக்கு நிம்மதியாக வந்து போக முடியாமல் ஆகிவிடும்.

சேவையைத் தள்ளிப்போடலாமே என்று கேட்பீர்கள். ஜோசப் ஸ்கூலிங்குக்குத் தள்ளிவைத்தார்கள், அவர் 2016ல் ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் தங்கம் வாங்கினார். 2018ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் கால்பந்துக் கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்த பென் டேவிஸுக்குத் தற்காப்பு அமைச்சு மறுத்துவிட்டது. நாட்டுக்காக ஒலிம்பிக் போன்ற மேடையில் பதக்கம் வெல்லக்கூடியவருக்கே தள்ளிவைப்பு, தனிப்பட்ட தொழில் வாழ்க்கைக்கு அல்ல என்பதுதான் நிலைப்பாடு. ரக்பி லீக் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை, காமன்வெல்த் பதக்கப் பட்டியலிலும் இல்லை. ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் இருப்பது யூனியனின் செவன்ஸ். ஆக, லீக் ஆடப் போகிறேன் என்று தள்ளிவைப்புக் கேட்பதற்கு அடிப்படையே கிடையாது. உங்கள் மகன் சேவையை முடித்துவிட்டுத்தான் போகிறான் என்று வைத்தே மற்றதெல்லாம் யோசியுங்கள்.

உங்களுக்கு ஒரு மகள் இருந்து இதே ஆசையைச் சொல்லியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். பெண்களுக்கு இந்த இரண்டு வருடத் தடை இல்லை. பெண்களுக்கான என்ஆர்எல் 2018ல்தான் தொடங்கியது. செவன்ஸிலிருந்தும், வீழ்த்தாமல் கையால் தொட்டு நிறுத்தும் டச் ரக்பியிலிருந்தும் வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் அதில் உண்டு. ரியோவில் செவன்ஸ் தங்கம் வாங்கிய சார்லட் கேஸ்லிக் 2020ல் சிட்னி ரூஸ்டர்ஸுக்கு ஆடியது எனக்கு நினைவிருக்கிறது. பெண்களின் சம்பளம் இன்னும் ஆண்களுக்கு அருகில்கூட வரவில்லை. ஆனால் கதவு அங்கே அகலமாகத் திறந்திருக்கிறது.

சரி, 20, 21 வயதில் தாமதமாகப் போய் நுழைந்த ஆண்கள் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். செமி ரட்ரட்ரா, மரிகா கொரோய்பெட்டே இருவரும் பிஜியில் யூனியன் ஆடி வளர்ந்தவர்கள். இருபது வயதை ஒட்டி ஆஸ்திரேலியாவுக்கு வந்து என்ஆர்எல்லில் பெயர் வாங்கினார்கள். இருவரும் விங்கில், அதாவது திடலின் ஓரத்தில், ஆடியவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஓட்டமும் உயரப் பந்தைப் பிடிக்கும் கையும் இருந்தால் விங் வேலையை இருபதிலும் கற்றுக்கொள்ளலாம். ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக், ஹூக்கர் இடங்கள் அப்படியில்லை. எந்த டேக்கிளில் எதிரணி வரிசை எந்தப் பக்கம் மெலிந்திருக்கும் என்று பத்து வருடம் ஆடிப் பழகியவனுக்குத்தான் உடனே தெரியும். உங்கள் மகன் வேகமானவன் என்றால் வாய்ப்பைப் பற்றிப் பேசலாம். உதைப்பதிலும் ஆட்டத்தை நடத்துவதிலும் கெட்டிக்காரன் என்றால், உண்மையைச் சொல்கிறேன், யூனியனிலேயே இருப்பது நல்லது.

இங்கே சிங்கப்பூருக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. டச் ரக்பி. சிட்னியின் தென்பகுதியில் 1960களில் லீக் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்காக ஆடத் தொடங்கிய ஆட்டம் அது. ஆறு டச், பந்தைத் தரையில் வைத்து நகர்த்துவது, எதிரணி பின்வாங்கி நிற்பது எல்லாமே லீக்கிலிருந்து வந்தவை. என்ஆர்எல்லில் பெயர் வாங்கிய பென்ஜி மார்ஷலும் ஷான் ஜான்சனும் டச் ஆடி வளர்ந்தவர்கள். இருவருடைய காலசைவிலும் அது தெரியும். இங்கே டச் ஆட ஆளும் இடமும் உண்டு. லீக் ஆடக் கிளப் தேடி அலைவதைவிட வாரம் இருமுறை நல்ல டச் குழுவில் ஆடினால் கைவேலையும் கால்வேலையும் தன்னாலே வரும். இடிபடாமல் கற்றுக்கொள்ளலாம் என்பது தாய்மாருக்குக் கூடுதல் ஆறுதல்.

உடம்பு சிறியது என்று பயப்பட வேண்டாம். பிரிஸ்பன் பிராங்கோஸின் அணித் தலைவராக நான்கு முறை கோப்பை வாங்கிய ஆலன் லாங்கரும், லீட்ஸ் ரைனோஸுடன் எட்டு முறை இறுதியாட்டம் வென்ற ராப் பரோவும் ஐந்தரை அடியைக்கூட எட்டாதவர்கள். ஆனால் அந்த உயரத்தில் பிழைக்க அவர்கள் அளவுக்கு விரைவும் துணிச்சலும் வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று அருகில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். ஒருவன் பந்தோடு முட்டுகிறான். மூன்று பேர் பிடிக்கிறார்கள். ஒருவன் இடுப்பில், ஒருவன் பந்து இருக்கும் கையில், ஒருவன் கால்களில். அவனை மல்லாக்கப் புரட்டிப் போட்டுவிட்டு, நடுவர் கத்தும்வரை மேலே கிடந்து மூச்சை வாங்குவார்கள். கிளப்புகள் இதற்கென்றே மல்யுத்தப் பயிற்சியாளர்களை வைத்திருக்கின்றன. கீழே கிடந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டிவிட வேண்டும். அதற்குள் மற்றவர்கள் பத்து மீட்டர் பின்னால் ஓடியிருக்க வேண்டும். மறுபடி முன்னால் பாய்ந்து அடுத்தவனைப் பிடிக்க வேண்டும். ஒரு முன்வரிசைக்காரன் ஓர் ஆட்டத்தில் முப்பது, நாற்பது டேக்கிள் செய்வது சாதாரணம். 2020ல் சில தவறுகளுக்குப் பெனால்டிக்குப் பதிலாக ஆறு டேக்கிளைப் புதிதாகத் தொடங்கும் விதி வந்ததிலிருந்து நின்று மூச்சுவிடும் இடைவெளியும் குறைந்துவிட்டது.

ஞாயிறு ஆடியவன் திங்கள் காலை என் அறைக்கு வரும்போது பார்த்திருக்கிறேன். பல நாள் கட்டிய டேப்பால் விரல்களின் தோல் உரிந்திருக்கும். சட்டைப் பொத்தானைப் போட விரல் மடங்காது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பேசுவான். எங்கே வலி என்று கேட்டால், வலிக்காத இடத்தைச் சொல்வது சுலபம் என்பான். செவ்வாய்க்கிழமை மறுபடி பயிற்சி. நவம்பரில் பருவத்துக்கு முந்தைய பயிற்சி தொடங்கும், அது குவீன்ஸ்லாந்தின் கொளுத்தும் கோடை. மார்ச்சில் ஆட்டங்கள் ஆரம்பித்து அக்டோபர் தொடக்கத்தில் இறுதியாட்டம். என் கிளப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இதையெல்லாம் செய்துகொண்டே தச்சு வேலைக்கும் மின்சார வேலைக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கவும் போனார்கள். இரண்டாம் நிலையில் கிடைக்கும் காசு வீட்டு வாடகைக்குப் போதாது. அதிகாலையில் எழுந்து கட்டுமான இடத்துக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்து நிற்கும் அந்த மனிதர்களைப் போல உழைத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சம்பளம்: 2023ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அந்த வருடம் என்ஆர்எல்லின் முதன்மைப் பட்டியலில் இருந்தவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 120,000 ஆஸ்திரேலிய வெள்ளி. ஒரு கிளப் தன் முதன்மைப் பட்டியலுக்குச் செலவழிக்க உச்சவரம்பும் உண்டு, அந்த வருடம் அது சுமார் 12.1 மில்லியன். சிலர் ஒரு மில்லியனைத் தாண்டி வாங்குவதால், மீதிப் பேர் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் பணம் இதைவிட நிறையவே குறைவு. பலரின் முதல் காகிதம் பருவத்துக்கு முந்தைய சில மாதங்கள் வந்து பயிற்சி செய், பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்கிற தற்காலிக ஒப்பந்தம்தான். அதில் எதுவும் உறுதி கிடையாது. பிள்ளையின் கையில் அப்படி ஒரு காகிதம் வந்தால் கொண்டாடுங்கள், ஆனால் வீட்டுக் கடனை அதை நம்பி வாங்காதீர்கள்.

எத்தனை வருடம் ஓடும்? இரண்டு பேரைச் சொல்கிறேன். மெல்பர்ன் ஸ்டோர்மின் கேமரன் ஸ்மித் 37 வயது வரை, 430 ஆட்டம் ஆடினார். சாம் பர்ஜஸ் 2014 என்ஆர்எல் இறுதியாட்டத்தின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தும் முழு ஆட்டமும் ஆடி, அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தை வாங்கினார். அப்பேர்ப்பட்டவர் தோள் காயத்தால் 30 வயதில் 2019ல் விலக வேண்டியதாயிற்று. நான் அறிந்தவரை பர்ஜஸின் வயதைத் தொடுவதற்கு முன்பே விலகியவர்கள்தான் அதிகம். முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் போய்விடும். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் என்றால் அந்தக் காயம் வேலையையும் கொண்டுபோய்விடும்.

தலைக்காயத்தைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். மறைந்த முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளையைப் பரிசோதித்தபோது சிடிஇ என்கிற மூளைச் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. ஸ்டீவ் ஃபோக்ஸ், 2022ல் மறைந்த பால் கிரீன் ஆகியோர் அவர்களில் உண்டு. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய நோய் அது. மயக்கம் போட்டு விழுந்த அடி மட்டும் கணக்கு அல்ல, சின்னச் சின்ன அடிகளும் சேருகின்றன என்பதுதான் கவலை. 2023 முதல் மூளை அதிர்ச்சி உறுதியானவரைப் பொதுவாக 11 நாள் ஆடாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று என்ஆர்எல் விதி கொண்டுவந்தது. நல்ல மாற்றம். ஆனால் பள்ளி ஆட்டத்தில் அந்தக் கண்காணிப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. பையன் அடிபட்டுவிட்டு "ஒன்றுமில்லை அம்மா" என்றால் நம்பாதீர்கள். பதினைந்து வயதுப் பையன் அடுத்த ஆட்டத்தில் இடம் போய்விடும் என்று பயந்து எதையும் மறைப்பான். அன்று தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தேர்வு இருந்தாலும் சரி, இறுதியாட்டம் இருந்தாலும் சரி.

இனி, அவனை என்ன செய்யச் சொல்லலாம் என்பது. 18 வரை பள்ளி அணியில் யூனியனும் வெளியே டச்சும். தேசிய சேவையில் உடல் தகுதியை விட்டுவிடாமல் இருக்க வேண்டும். வாரயிறுதியில் வெளியே வர முடிகிறபோது கிளப்பில் ஆடலாம், மேலதிகாரியிடம் முன்பே சொல்லிவைத்தால் பலர் ஒத்துழைக்கிறார்கள். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் பிரிஸ்பனிலோ சிட்னியிலோ இருக்கட்டும். படிப்பு என்கிற காரணத்தோடு போனால் விசாவுக்கும் வழி தெளிவு, வாழ்க்கைக்கும் பிடிமானம். அங்கே போய் ஊர்க் கிளப்பில் கடைசி அணியில் இடம் கேட்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். ஒரே பருவத்தில் அவனுடைய அளவு அவனுக்கே தெரிந்துவிடும். குவீன்ஸ்லாந்து கோப்பைக் கிளப் ஒன்று அவனைப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலே அது பெரிய சாதனை. கூப்பிடாவிட்டாலும் கையில் பட்டம் இருக்கும். இந்த ஆட்டத்தைச் சுற்றி பிசியோ, உடல்திறன் பயிற்சியாளர், காணொளி ஆய்வாளர், நடுவர் என்று வேலைகளும் இருக்கின்றன. நானே அந்த வழியாகத்தான் உள்ளே போனேன்.

என்ன படிக்கலாம் என்று அவன் கேட்டால், லீக்குக்கு உதவும் படிப்பைத் தேடாமல், லீக் இல்லாவிட்டாலும் அவன் விரும்பிச் செய்யக்கூடிய படிப்பைச் சொல்லுங்கள். காயம்பட்டு ஆறு மாதம் வீட்டில் கிடக்கும்போது அவனைத் தாங்கப் போவது அதுதான்.

தடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இந்த வாரமே அவனோடு உட்கார்ந்து மேலே சொன்ன வயதுக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். 15 வயதுப் பையனுக்கு அது புரியும். பெரும்பாலும் அவனே கேள்விகள் கேட்க ஆரம்பிப்பான். அப்புறம் பல் மருத்துவரிடம் கூட்டிப் போய் அளவெடுத்துப் பல் காப்பு ஒன்று செய்து கொடுங்கள். கடையில் வாங்கி வெந்நீரில் முக்கிக் கடிப்பது நன்றாகப் பொருந்தாவிட்டால் ஓடும்போது கழன்றுவிடும், பையன்கள் அதைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள்.